தப்பு லாரி மேல். பணம் யார் கையிலிருந்து வரும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அப்பச்சி, அதாவது உங்கள் தகப்பனார், தவறி இரண்டு மாதம் ஆகிறது. அவர்களுடைய கணக்கை மாற்றுவதற்காக ஆத்தாவை காரில் கூட்டிக்கொண்டு கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி பேங்குக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பும்போது பள்ளத்தூருக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டியை மெதுவாக்கியதும், பின்னால் வந்த மினி லாரி இடித்துவிட்டது. டிக்கி உள்ளே போய்விட்டது, மூட முடியவில்லை, வண்டி ஓடுகிறது. ஆத்தாவுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. லாரி உரிமையாளர் போனில் கூப்பிட்டு, "பத்தாயிரம் தந்துவிடுகிறேன், போலீஸ் எல்லாம் வேண்டாம்" என்கிறார். உங்கள் ஏஜென்ட், "உங்கள் பாலிசியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடியும்" என்கிறார். தப்பே செய்யாத நான் எதற்கு என் பாலிசியைத் தொட வேண்டும், பிரீமியத்தில் எனக்குக் கிடைக்கிற நோ கிளெய்ம் போனஸ் எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிறீர்கள். கார் இன்னும் அப்பச்சி பேரில்தான் இருக்கிறது என்று கடைசி வரியில் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்கள்.

காரைக்குடியில் ஒரு கார் பட்டறையில் பதினெட்டு வருடமாக இன்சூரன்ஸ் வேலை பார்க்கிறேன். எஸ்டிமேட் போடுவது, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரைக் கூட்டிவந்து காட்டுவது, பேப்பர் அனுப்புவது எல்லாம் நான்தான். உங்களைப் போலக் கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் பணத்தை விட்டதற்குக் காரணம் ஒன்றே: தப்பு யார் மேல் என்பதும், பணம் யார் கொடுப்பது என்பதும் வேறு வேறு கணக்கு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தப்பு லாரி மேல் என்று ஊரே பார்த்திருக்கலாம். அது ஒரு பேப்பரில் ஏறாதவரை லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியைப் பொறுத்தவரை விபத்தே நடக்கவில்லை. உங்கள் சொந்த பாலிசியோ வேறு மாதிரி. அதற்குத் தப்பு யார் மேல் என்ற கேள்வியே முக்கியம் இல்லை. காருக்கு அடி பட்டதா, பாலிசி உயிரோடு இருக்கிறதா, ஓட்டியவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

காரைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஆத்தாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், இன்றைக்கே. கழுத்துவலி இரண்டாம் நாள் தெரிவது வழக்கம்தான். ஆனால் கை மரத்துப்போவது, தலைசுற்றல் மாதிரி ஏதாவது இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே போனதும் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் புதுவயல் பக்கத்து அம்மா ஒருவரை அவர் மகன் அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார். நானும் கூடப் போயிருந்தேன். பைக்கில் உட்கார்ந்து வரும்போது வேன் உரசித் தள்ளியதில் மணிக்கட்டு முறிந்திருந்தது. டியூட்டி டாக்டர் நிமிராமல் எழுதிக்கொண்டே "என்னம்மா ஆச்சு?" என்றார். அந்த அம்மா வெட்கத்தோடு, "ஒண்ணுமில்ல தம்பி, விழுந்துட்டேன்" என்றார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம்தான். டாக்டர் அதையே எழுதினார். பிறகு வழக்கு நடந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுத்தது அந்த ஒரு வரியைத்தான்: தானாகக் கீழே விழுந்ததாக இவரே சொல்லியிருக்கிறாரே, வேன் எங்கே வந்தது? அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்ய மகன் பட்ட பாடு கொஞ்சம் இல்லை.

அந்தப் பதிவுக்குப் பெயர் ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர், ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்கள். ஆத்தாவை உட்காரவைத்து முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன வண்டி இடித்தது. உள்ளது உள்ளபடி. இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறோம் என்பதையும் மறைக்க வேண்டாம். வலி மறுநாள்தான் தெரிந்தது என்பதே உண்மை, அதையே சொல்லட்டும். தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் விபத்து என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு, ஆட்டோ வாடகை ரசீது எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். பெரிய அடியாக இருந்திருந்தால் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் கைகொடுக்கும். 2021 டிசம்பரில் வந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை. உங்களுக்கு அந்த அளவுக்கு வேண்டியிருக்காது. தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்தது காவல் நிலையம். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தயங்குகிறோம். லாரிக்காரரும் பக்கத்து ஊர், நாளைக்குக் கோயிலில் முகம் பார்க்க வேண்டும், ஸ்டேஷன் வாசலை மிதித்தால் ஊர் என்ன சொல்லும் என்று. எனக்கும் புரிகிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே, விபத்தில் சிக்கிய வண்டியின் டிரைவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அது உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது; அதனால் மூடிப்போய்விடவில்லை, ஆனால் இன்னும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். ஏன் தாமதம் என்று புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: அன்று காயம் தெரியவில்லை, மறுநாள் தாயாருக்கு வலி வந்தது, மருத்துவமனையில் காட்டிவிட்டு வருகிறோம் என்று.

எந்த ஸ்டேஷன் என்பதையும் பாருங்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. திருமயம் பக்கம் இடித்திருந்தால் புதுக்கோட்டை மாவட்டம் போக வேண்டும். உங்களுடையது சிவகங்கை மாவட்டத்துக்குள்தான். இடித்த இடம் எந்த நிலையத்தின் எல்லையோ அங்கே போங்கள். முதலில் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். காருக்கு மட்டும் அடி என்றால் பல நேரம் அதுவே போதும். ஆத்தாவுக்குக் காயம் இருப்பதால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அசட்டையாக ஓட்டியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, காயம் ஏற்படுத்தியதற்கு 125 என்று போடுவார்கள். 2024 ஜூலைக்கு முன்னால் இவை இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 337 என்று இருந்தவை. எஃப்.ஐ.ஆர். காப்பி இலவசம். புகாரில் லாரி நம்பர், வேகத்தடை, நீங்கள் மெதுவாக்கியது, அது பின்னால் வந்து இடித்தது எல்லாம் வரட்டும். "எதிர்பாராதவிதமாக மோதிக்கொண்டன" என்று யாராவது சமரசமாக எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் தப்பு இரண்டு பேர் மேலும் பாதிப் பாதியாக விழுந்துவிடும்.

காயம் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் 2022 ஏப்ரலிலிருந்து புது விதி இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் போலீஸே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் போகும். மோட்டார் வாகன ஆய்வாளர் இரண்டு வண்டியையும் பார்ப்பார். அதனால் ஆய்வாளர் பார்க்கும் முன்னால் டிக்கியைத் தட்டி நிமிர்த்திவிடாதீர்கள்.

லாரியைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது? ஆர்.சி.யைப் போட்டோ எடுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல வேலை செய்தீர்கள். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ், எதுவரைக்கும் செல்லும், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. இருக்கிறதா என்பது வந்துவிடும். அதை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேகத்தடைக்குப் பக்கத்தில் கடையோ பெட்ரோல் பங்கோ இருந்தால் சிசிடிவி பதிவை உடனே கேளுங்கள். கொஞ்ச நாளில் பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது.

லாரி டிரைவரிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது, அதனால் கம்பெனி பணம் தராது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. மினி லாரி பெரும்பாலும் அதற்குள்தான் வரும்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உங்கள் பாலிசியில் சொந்த வண்டிச் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியில் கிளெய்ம் போடுவது. இன்னொன்று, அடுத்தவருக்கு ஏற்படுத்திய சேதத்துக்காக லாரிக்கு இருக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து வாங்குவது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள், "எங்கள் ஊரில் இடித்தவன் கம்பெனியே போன் போட்டுப் பணம் அனுப்பும்" என்று சொல்வார்கள். இங்கே அப்படி இல்லை. லாரியின் கம்பெனிக்கு நீங்கள் நேராக பில் அனுப்பினால் பதில் வருவது அபூர்வம். மோட்டார் விபத்து உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, தப்பை நிரூபித்து, உத்தரவு வாங்க வேண்டும். காருக்கான சேதத்தையும் அங்கே கேட்கலாம். வருடக் கணக்கில் ஆகும். அதுவரை டிக்கி திறந்த காரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அந்த அளவில் உங்கள் ஏஜென்ட் சொன்னது சரி. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கார் 1,200 சிசி, மூன்றரை வருடம் ஆனது, போனஸ் 35 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தை வைத்து உத்தேசமாக, ஜிஎஸ்டியை விட்டுவிட்டுப் பார்க்கிறேன். பின் பம்பர் 6,000. டிக்கி கதவு 14,000. பின் கண்ணாடி 5,000. பெயின்டிங் 8,000. டிங்கரிங் கூலி 6,000. மொத்தம் 39,000.

இதில் கம்பெனி எவ்வளவு தரும்? பம்பர் பிளாஸ்டிக்; பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றுக்கும் வண்டி புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள். அதில் 3,000 கிடைக்கும். கதவு இரும்பு; மூன்று முதல் நான்கு வருட வண்டிக்கு 25 சதவீதம் பிடித்து 10,500. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, முழு 5,000. பெயின்டிங்கில் கால் பங்கு பெயின்ட் விலை என்று வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். ஆக 1,000 போய் 7,000. கூலி முழுசாக 6,000. கூட்டினால் 31,500. அதிலிருந்து கட்டாயப் பிடித்தம்: 1,500 சிசி வரை 1,000 ரூபாய். கையில் வருவது 30,500, உங்கள் கையை விட்டுப் போவது 8,500. பம்பர் டு பம்பர் என்று சொல்கிற தேய்மானமில்லாத பாலிசி எடுத்திருந்தால் அந்த 8,500இல் பெரும்பகுதி மிச்சமாகும். பாலிசியின் முதல் பக்கத்தில் பிரீமியம் கட்டத்தைப் பாருங்கள், அங்கே எழுதியிருக்கும்.

போனஸுக்கு வருவோம். தப்பு உங்கள் மேல் இல்லையென்றாலும் சொந்த பாலிசியில் கிளெய்ம் வாங்கினால் அது போய்விடும். இது அநியாயமாகத்தான் படுகிறது, ஒவ்வொரு முறை கஸ்டமரிடம் சொல்லும்போதும் எனக்கே மனசு ஒப்பவில்லை. ஆனால் நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்மே இல்லாத வருடத்துக்கான தள்ளுபடி. நல்ல டிரைவருக்கான பரிசு இல்லை. 20, 25, 35, 45, 50 என்று ஏறும் ஏணி அது. கிளெய்ம் வாங்கினால் மறுபடி தரைக்கு வந்துவிடுவீர்கள். உங்களுக்கு அடுத்த வருடம் 45 ஆகியிருக்கும், அப்புறம் 50இலேயே நின்றிருக்கும். இப்போது 0, 20, 25, 35, 45 என்று ஏற வேண்டும். ஐந்து வருடத்து வித்தியாசத்தைக் கூட்டினால் 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்று வைத்தால் 9,600 ரூபாய். கார் பழசாக ஆக பிரீமியமும் குறையும், அதனால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவு. போனஸ் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கவர் சேர்த்திருந்தால் இந்த இழப்பு இல்லை.

ஆக, உங்கள் பாலிசியில் போட்டாலும் தேய்மானம், பிடித்தம், போனஸ் என்று கிட்டத்தட்ட 18,000 உங்கள் தலையில் விழுகிறது. லாரிக்காரர் தருகிற 10,000ஐ மட்டும் வாங்கிக்கொண்டு ஒதுங்கினால் 39,000இல் மிச்சம் 29,000 உங்களுடையது. இந்தக் கணக்கில் சொந்த பாலிசிதான் லாபம். இதே சேதம் ஏழாயிரம், எட்டாயிரம் என்றால், யாருக்கும் காயம் இல்லையென்றால், நானே பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். பம்பரில் ஒரு கீறலுக்கு ஐந்து வருட போனஸை விடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு பாலிசியிலும் கிளெய்ம் போடலாமா என்று கேட்கத் தோன்றும். லாரிக்காரர் பணம் தரும்போது ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்பார்: "இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை, போலீஸ் புகார் இல்லை." அந்தக் கையெழுத்து ஆத்தாவின் கழுத்துக்கும் சேர்த்துத்தான். ஸ்கேன் எடுக்கும் முன்னால் எந்தப் பேப்பரிலும் நீங்களோ ஆத்தாவோ கையெழுத்து வைக்க வேண்டாம். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். வாய்வார்த்தையில் மரியாதையாக, "டாக்டர் பார்க்கட்டும் அண்ணே, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லுங்கள், போதும்.

பட்டறைக்கு வண்டி வருவதற்கு முன்னால் கம்பெனிக்கு போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்கிவிடுங்கள். இந்த வரிசை மாறினால் சிக்கல். விபத்து நடந்து சில நாள் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011லேயே கம்பெனிகளுக்கு எழுதியிருக்கிறது. சேதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் பெரும்பாலும் யாராவது ஒருவர் வந்து பார்ப்பார், இல்லையென்றால் வீடியோவில் காட்டச் சொல்வார்கள்.

சர்வேயர் எப்படிப் பார்ப்பார் என்று தெரிந்தால் நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். போன மாதம் உங்களுடையதைப் போலவே பின்னால் இடிபட்ட ஒரு கார் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பம்பரும் கதவும்தான். சர்வேயர் அதோடு படம் எடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் டிக்கிக்குள் இருந்த தரைவிரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். ஸ்டெப்னி உட்காரும் பள்ளம் அப்பளம் மாதிரி மடிந்திருந்தது. மடிப்பில் பெயின்ட் விட்டு வெள்ளை வெளேரென்று புதுத் தகரம் தெரிந்தது, துரு ஒரு பொட்டு இல்லை. அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி நோட்டைத் திறந்தார். துரு ஏறியிருந்தால் பழைய அடி என்று தள்ளியிருப்பார். அதனால்தான் சொல்கிறேன், மழையில் போடாதீர்கள், நாள் கடத்தாதீர்கள், சர்வேயர் வரும்போது நீங்களோ பட்டறை ஆளோ பக்கத்திலேயே நின்று விரிப்பைத் தூக்கிக் காட்டுங்கள். பிரித்த பிறகு உள்ளே புதுசாக ஏதாவது தெரிந்தால் மறுபடி அவரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் வேலையைத் தொடர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கடைசிவரை வைத்திருங்கள்.

பேப்பர் என்று பார்த்தால் ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி, கிளெய்ம் படிவம், எஸ்டிமேட், சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர்., ஆதார், பான், ரத்து செய்த காசோலை. கிளெய்ம் படிவத்தில் விபத்து நடந்த விதத்தை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். போலீஸ் புகாரில் எழுதியதும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். ஏஜென்ட் ஒன்று எழுத, போலீஸில் வேறு ஒன்று இருக்க, இரண்டுக்கும் நடுவில் மாட்டி நின்ற கிளெய்ம்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

தேய்மானத்திலும் பிடித்தத்திலும் போன 8,500ஐ லாரி தரப்பிடம் கேட்க முடியுமா? உங்கள் கம்பெனி கொடுத்த பணத்தையே மறுபடி கேட்க முடியாது. கொடுக்காத மிச்சத்தைத் தீர்ப்பாயத்தில் கேட்க வழி உண்டு. ஆனால் செட்டில்மென்ட் வவுச்சரில் "முழுமையான இறுதித் தீர்வு" என்று இருக்கும் வார்த்தையை எதிர்த்தரப்பு காட்டும். வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த மிச்சத்துக்காக மட்டும் வழக்குப் போடுவது லாபம் இல்லை. ஆத்தாவுக்காகப் போடுகிற மனுவோடு வக்கீல் இதையும் எப்படிக் கேட்கலாம் என்று பார்ப்பது சரி.

அந்த மனுதான் லாரியின் இன்சூரன்ஸுக்கு உரிய இடம். ஆத்தா உங்கள் காரில் உட்கார்ந்திருந்தாலும் லாரியைப் பொறுத்தவரை மூன்றாம் நபர். மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் மருத்துவச் செலவு, வலி, உதவிக்கு ஆள் வைத்த செலவு எல்லாம் கேட்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதற்கு விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடு. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், எதன் எல்லையிலும் போடலாம்; சென்னையில் வேலை பார்க்கிறோமே என்று கவலைப்பட வேண்டாம். கொடுங்காயம் என்றால் தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலே 164ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் உண்டு. சாதாரண தசைப்பிடிப்பு அதில் வராது. உள்ளபடி சொன்னால், ஸ்கேனில் ஒன்றும் இல்லை, இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது என்றால் கிடைக்கிற தொகை சிறியதுதான். அப்போது வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் தப்பில்லை. ஆனால் எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். இரண்டும் கையில் இருந்தால்தான் அந்த முடிவு உங்களுடையதாக இருக்கும். ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கிறவர்களை மட்டும் அண்டவிடாதீர்கள். தெரிந்த வக்கீலைப் பாருங்கள், இழப்பீடு ஆத்தா பேரில் இருக்கும் கணக்கில்தான் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லாரிக்கு இன்சூரன்ஸே இல்லையென்று தெரியவந்தால் மனம் தளர வேண்டாம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் போதிய பிணை கொடுக்காமல் அதை விடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. அதற்கும் ஸ்டேஷனில் வழக்கு இருக்க வேண்டும். "போலீஸ் வேண்டாம்" என்று ஒருவர் அவசரப்படும்போது முதலில் அவருடைய இன்சூரன்ஸ் தேதியைத்தான் பார்ப்பேன்.

உங்கள் கம்பெனி இழுத்தடித்தால் என்ன செய்வது? சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமிக்க வேண்டும், அறிக்கை 15 நாளில், அதன் பிறகு முடிவு 7 நாளில் என்று 2024இல் ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. தாண்டினால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள், ஐஆர்டிஏஐயின் 155255க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறார். 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சிவகங்கை நுகர்வோர் ஆணையமும் உண்டு, ஆனால் நான் முதலில் ஆம்பட்ஸ்மேனைத்தான் சொல்வேன். சாதாரணமாக மெயிலில் அந்தப் பெயரை எழுதினாலே பைல் நகர்ந்துவிடும்.

இனி நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியது. கார் அப்பச்சி பேரில் இருக்கிறது. இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நாள் குறைவு. பாலிசிக்காரர் தவறிவிட்டால் பாலிசி உடனே முடிந்துவிடாது; இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை உயிரோடு இருக்கும். விபத்து இரண்டாம் மாதத்தில் நடந்திருக்கிறது, அதனால் நீங்கள் பிழைத்தீர்கள். மூன்று மாதம் தாண்டி நடந்திருந்தால் மேலே போட்ட 30,500 என்ற கணக்குக்கே அர்த்தம் இருந்திருக்காது. நம் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. ஐயா பேரில் வாங்கிய கார் ஷெட்டில் நிற்கும். விசேஷத்துக்கு வரும்போது பேட்டரி மாற்றி எடுப்பார்கள். யாரோ ஒருவர் பழைய பேரிலேயே பிரீமியமும் கட்டிக்கொண்டிருப்பார். பணம் வாங்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள், கிளெய்ம் வரும்போதுதான் இறப்புச் சான்றிதழின் தேதியைப் பார்ப்பார்கள்.

அதனால் கிளெய்ம் சொல்லும்போதே பாலிசிதாரர் இறந்துவிட்டார், நான் மகன், நான்தான் ஓட்டினேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் அதையே காரணமாக்கித் தள்ளுவார்கள். இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் நாளைக்கே போடுங்கள். பேங்குக்கும் அதுதான் வேண்டும். கிளெய்ம் பணம் வாரிசுகளுக்குப் பொதுவானது என்பதால் ஆத்தாவிடமும், மலேசியாவில் இருக்கும் உங்கள் அக்காவிடமும் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்கச் சொல்வார்கள். அக்காவின் கையெழுத்து அங்கிருந்து வந்து சேர நாளாகும், அதை இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை மாற்றுவதற்கும் மூன்று மாதக் கெடுதான். உங்களுக்கு நான்கு வாரம்கூட முழுசாக இல்லை. அது முடிந்ததும் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள்.

ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். சாதாரணமாகக் கார் கைமாறினால் போனஸ் காரோடு சேர்ந்து வராது. தகப்பனார் இறந்து பிள்ளை அதே காரை வைத்துக்கொண்டால் அவர் சேர்த்த போனஸ் பிள்ளைக்கு வரும். இந்த முறை கிளெய்ம் போடுவதால் அது போகிறது. டாக்டர் ஆத்தாவுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, லாரிக்காரரும் பத்தாயிரத்திலிருந்து ஏறிவந்து முழுச் செலவையும் தருகிறேன் என்றால், அந்த 35 சதவீதம் அப்பச்சி கவனமாக ஓட்டி உங்களுக்கு விட்டுப்போனது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்குப் போகும்போது எங்கேயாவது தட்டினால் எழுதுங்கள், யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.